மூன்று சிலிண்டரும் இரண்டு சகலைகளும்

டிரைவிங் மாஸ்டருக்குத் தம் சகலையின்மேல் இருந்த பொறாமை இன்று நேற்று முளைத்ததன்று. பதினெட்டு ஆண்டுகளாக நீர் ஊற்றி வளர்க்கப்பட்டது. ஆயினும் அதற்கு அவர் இட்டிருந்த பெயர் வேறு. "எனக்கு உள்ளதை உள்ளபடி பேசித்தான் பழக்கம்" என்பார். சகலை எந்தப் பொருளை வாங்கினாலும் அதில் உள்ள குறையை எடுத்துக் காட்டுவது உறவினர் என்ற முறையில் தம் கடமை என்று அவர் உளமார நம்பினார். அக்கடமையிலிருந்து அவர் ஒருநாளும் வழுவியதில்லை.

அக்காளை மணந்தவர் மாஸ்டர். தங்கையை மணந்தவர் சகலை. மாஸ்டருக்குத் திருமணமான புதிதில், மனைவி வீட்டாருள் வாகனம் ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவரே. எங்குப் புறப்பட்டாலும் மாமனார் அவரைத்தான் தேடுவார். பின்னர்ச் சகலை வந்தார். குளியலறைக் குழாய்களும் கைகழுவும் தொட்டிகளும் விற்கும் கடை ஒன்றைத் திறந்தார், அது இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. மாஸ்டரின் பயிற்சிப் பள்ளியோ ஓர் அறையும் ஒரு காருமாகத் தொடங்கி, ஓர் அறையும் ஒரு காருமாகவே நின்றது. வீடு, வருமானம், மாமனாரின் புன்சிரிப்பு என ஒவ்வொன்றாகச் சகலையின் பக்கம் சாய்ந்துபோக, கார் பற்றிய பேச்சில் மட்டும் கடைசி வார்த்தை மாஸ்டருடையதாக இருந்தது. அந்த ஒரு முழ நிலத்தை அவர் வேலி போட்டுக் காத்து வந்தார்.

சகலைக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவரேதான். மாஸ்டர் அனுப்பும்வரை பொறுக்காமல் தாமாகவே உரிமத் தேர்வுக்குப் போய், சகலை மூன்று முறை தோற்றார். மூன்று முறையும் ஒரே ஏற்றத்தில். கிளட்சை விடும் பக்குவம் வராமல் வண்டி பின்னோக்கி உருளும். மூன்றாம் முறை தேர்வதிகாரி பாதி வழியில் இறங்கி, அலுவலகத்துக்கு நடந்தே திரும்பிவிட்டார். அதன்பின் சகலை கிளட்ச் இல்லாத தானியங்கிக் கார் ஒன்றை வாங்கி, அதிலேயே தேர்வில் தேறி, அந்த வகைக் கார்களோடே காலத்தை ஓட்டினார். "சகலை இடது காலுக்குச் சின்ன வயசுலயே பென்ஷன் கொடுத்துட்டாரு" என்று மாஸ்டர் உறவினரிடையே சொல்லிச் சிரிப்பதுண்டு. அவர் மனம்விட்டுச் சிரித்த தருணங்கள் பெரும்பாலும் அவையே.

அப்படிப்பட்ட சகலைதான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பயிற்சிப் பள்ளிக்குள் நுழைந்து, மாணவர் அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டரின் முன்னால் தம் கைப்பேசியை நீட்டினார். அதில் ஒரு காரின் படம் இருந்தது. மாஸ்டர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கிப் பார்த்தார். வாசலில் நிற்கும் தம்முடைய பயிற்சிக் காரின் படத்தை எதற்காகக் காட்டுகிறார் என்றே முதலில் எண்ணினார்.

அவர் எண்ணியதில் பிழையொன்றும் இல்லை. பயிற்சிக் காரைச் செய்த அதே ஜப்பானிய நிறுவனந்தான் இதனையும் செய்திருந்தது. அந்த எளிய சிறிய உடலை எடுத்துக்கொண்டு, இடுப்பை அகலமாக்கி, கூரையை எடை குறைந்த பொருளால் அமைத்து, டர்போ பூட்டிய மூன்று சிலிண்டர் எஞ்சினை உள்ளே வைத்து, நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும்படி செய்து, பந்தயக் காராகவே வெளியிட்டிருந்தது. தானியங்கி வேண்டாம் என்று அடம்பிடித்தாற்போல ஆறு கியர்களையும் கையாலேயே போட வைத்திருந்தது. அதன் விலைக்குப் பயிற்சிக் காரைப்போல நான்கு வாங்கலாம். வாங்கியது போகப் பெட்ரோலுக்கும் மிஞ்சும். அவ்வூருக்கு அந்த ஆண்டு ஒதுக்கப்பட்டது ஒன்றே ஒன்று. சனிக்கிழமை நண்பகலுக்குள் சகலை கையெழுத்திட வேண்டும். தவறினால் வரிசையில் அடுத்து நிற்கும் பல் மருத்துவருக்குப் போய்விடும்.

"மூணு சிலிண்டருக்கா இந்த விலை?" என்றார் மாஸ்டர். "தையல் மெஷினுக்கு அண்ணன் அவ்வளவுதான்."

"அதனாலதான் அண்ணே உங்ககிட்ட வந்தேன்" என்றார் சகலை பணிவாக. "நீங்க ஓட்டிப் பாருங்க. அந்த விலைக்குத் தகுமா தகாதான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு வேற யாரைத் தெரியும்?"

கிளட்ச் பக்கமே எட்டிப் பாராதவருக்கு ஆறு கியர் வண்டி எதற்கு என்று மாஸ்டர் கேட்டார். சின்ன வயதிலிருந்து ஆசை என்று மட்டும் சகலை விடை சொன்னார். அந்த ஆசை தமக்கும் இருந்ததுண்டு என்பது மாஸ்டருக்கு அப்போது நினைவுக்கு வந்து, அடிவயிற்றில் ஒரு தீக்குச்சி உரசியது.

புதன்கிழமை பிற்பகல் ஓட்டிப் பார்க்கச் சென்றார்கள். விற்பனை நிலையத்துப் பெண் சாவியை மாஸ்டரின் கையில் கொடுத்து, நீர்த்தேக்கத்துச் சாலை வழியாகப் போய் வரலாம் என்றாள். சகலை பக்கத்து இருக்கையில் ஏறி, இருக்கைப் பட்டையை இருமுறை இழுத்துப் பார்த்து, கண்களை மூடிக்கொண்டார்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக மாஸ்டர் பணி நேரத்தில் மூன்றாம் கியருக்கு மேல் கண்டதில்லை. நடுங்கும் கைகளின் அருகில் அமர்ந்து, மணிக்கு நாற்பது கிலோமீட்டரைக் கடவாமல், ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தவர் அவர். அன்று, நகர எல்லையைத் தாண்டியதும் இரண்டாம் கியரில் மிதித்தார். தையல் இயந்திரம் என்று தாம் ஏசிய மூன்று சிலிண்டரும் ஒருசேரத் தொண்டையைத் திறந்தன. முதுகு இருக்கையில் அப்பிக்கொண்டது. முதல் வளைவில் சற்றே அஞ்சித் திருப்பினார். அச்சத்துக்கு இடமே இல்லை. கண் எந்த இடத்தைப் பார்த்ததோ அந்த இடத்தில் காரின் மூக்கு போய் நின்றது. இரண்டாம் வளைவை அஞ்சாமல் எடுத்தார். மூன்றாவதில், தம்மை அறியாமல், வாயைத் திறந்து சிரித்தே விட்டார். சட்டென்று பக்கத்தில் பார்த்தார். சகலையின் கண்கள் மூடியிருந்தன. நல்ல வேளை என்று நினைத்துக்கொண்டார்.

எந்த வண்டியானாலும், எந்த மாணவரானாலும், மாஸ்டர் வைக்கும் கடைசிச் சோதனை ஒன்று உண்டு. ஏற்றத்தின் நடுவே நிறுத்தி, கைப்பிரேக்கை விடுவித்து, கிளட்சின் பிடியிலேயே வண்டியைப் பத்து எண்ணும்வரை நிறுத்த வேண்டும். நீர்த்தேக்கத்து மேட்டில் அதனைச் செய்தார். கார் மூச்சுவிடுவதுகூடத் தெரியாமல் நின்றது. பத்து எண்ணியவர், தேவையின்றி இருபதுவரை எண்ணினார். அப்படியே நூறுவரைக்கும் எண்ணியிருப்பார். பின்னால் வந்த லாரிக்காரர் ஒலியெழுப்பிவிட்டார்.

விற்பனை நிலையத்து முற்றத்தில் இறங்கியதும் கைக்குட்டையால் உள்ளங்கைகளைத் துடைத்தார். டயரைக் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"தகாது, சகலை" என்றார்.

காரணங்களும் அடுக்கினார். பின்னிருக்கையில் பூனை உட்காரலாம், மனிதர் உட்கார முடியாது. வயிறு தாழ்வாக இருக்கிறது; வேகத்தடை ஒவ்வொன்றிலும் உரசும். வெளியே பார்ப்பவருக்கு இதுவும் என் பள்ளி வண்டியும் ஒன்றுதான். நான்கு மடங்கு கொடுத்தது நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கும்? அவர் சொன்னவற்றுள் பொய் ஒன்றும் இல்லை. ஓட்டியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் பொய். சகலை எல்லாவற்றையும் தலையசைத்துக் கேட்டுவிட்டு, "சரிங்கண்ணே, ரொம்ப உதவி" என்று சொல்லி, விற்பனைப் பெண்ணிடம் பேச உள்ளே போனார். முன்பதிவை விலக்கிக்கொள்ளத்தான் போகிறார் என்று மாஸ்டர் எண்ணினார். பால் வார்த்தாற்போல இருந்தது, வீட்டுக்கு வரும்வரைதான்.

அதன்பின் அந்தப் பால் திரிந்தது. காரணம், அவருடைய தொழில். அவரது பள்ளியில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அட்டை உண்டு. அதன் அடியில் 'தேறினார்' என்று ஒரு சொல்லை எழுதி அவர் கையெழுத்திட்டால்தான் உரிமத் தேர்வுக்கு அனுப்புவார். ஓட்டத் தெரியாத எவருக்கும் அச்சொல்லை எழுதியதில்லை. தெரிந்த எவருக்கும் மறுத்ததில்லை. பின்னோக்கி எடுக்க வரவில்லை என்பதற்காகக் கட்டிய மனைவிக்கே அதனை எழுத மறுத்தவர். (அதனை அந்த அம்மையார் இன்றளவும் வாரம் ஒருமுறையேனும் நினைவூட்டி வருகிறார்.) இப்போதோ, வைத்த சோதனை அனைத்திலும் தேறிய ஒன்றைத் தேறவில்லை என்று எழுதிவிட்டார். வயிற்றெரிச்சல் தம் வீட்டுக்குள் குடியிருந்ததைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை. அது பள்ளிக்குள் நுழைந்து பேனாவைப் பிடிக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

வியாழக்கிழமை பயிற்சிக் காரில் அமர்ந்ததும் எரிச்சல் பன்மடங்காயிற்று. அதே முகம், அதே கதவுப் பிடி, அதே வேகமானி. மருத்துவமனைச் செவிலி ஒருவர் அன்றைய மாணவி. அவர் பாவம், ஒழுங்காகத்தான் ஓட்டினார். "உங்க வண்டி நல்ல வண்டி மாஸ்டர், சொன்னபடி கேக்குது" என்று அவர் சொன்னபோது, மாஸ்டர் வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் இடப்பக்கம் திருப்பச் சொல்லி, ஒரு முட்டுச்சந்துக்குள் கொண்டுபோய் நிறுத்தவைத்தார்.

மதியம் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். தவறு செய்துவிட்டதாகவும், சகலை ஆசைப்பட்ட காரைத் தாம் கெடுத்துவிட்டதாகவும் சொன்னார். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, கையிலிருந்த போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அழுகிறார் என்று எண்ணி மாஸ்டர் பதறினார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எதையும் கெடுக்கலைங்க. அவர் வாங்கத்தான் போறாரு. நேத்தே உள்ள போய் உறுதி பண்ணிட்டாராம். தங்கச்சி சொன்னா."

"நான் தகாதுன்னு சொன்னேனே?"

"அதனாலதான்" என்றார் மனைவி.

பிறகு மெல்ல மெல்ல வெளிவந்தது. சகலையின் இப்போதைய வீட்டை வாங்கும்முன் பார்த்துவிட்டு வந்து, சுவரில் ஈரம் ஏறும் என்றார் மாஸ்டர். சகலை அன்று மாலையே முன்பணம் கொடுத்தார். ஈரமும் ஏறவில்லை, ஒன்றும் ஏறவில்லை, விலைதான் ஏறியது. மூன்றாம் கடைக்குப் பார்த்த தெருவில் ஈ காக்கை வராது என்றார். இப்போது அந்தக் கடையில்தான் நிற்க இடமில்லை. மாறாக, ஒரு பழைய சரக்கு வேனைப் பார்த்து, தங்கமான வண்டி என்று அவர் புகழ்ந்த உடனே சகலை அதனைக் கைவிட்டார். அதனை வாங்கிய வேறொருவர் அதை ஓட்டியதைவிடத் தள்ளியதே மிகுதி.

"'அத்தான் முகத்தைச் சுளிச்சா கண்ண மூடிட்டு வாங்கலாம்'னு தங்கச்சி அடிக்கடி சொல்லுவா. நான்தான் உங்ககிட்ட சொல்லலை. சொல்லி என்னத்துக்கு?"

மாஸ்டர் நாற்காலியில் அமர்ந்தார். பதினெட்டு ஆண்டுகளாகத் தம்மை ஒரு நிபுணர் என்று எண்ணி அவர்கள் தேடி வந்ததாக அவர் நினைத்திருந்தார். அவர்களோ, பாலில் நீர் பார்க்கும் கருவியைப்போல அவரை மிதக்கவிட்டு, எவ்வளவு அமிழ்கிறார் என்று அளவு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை முகச்சவரம் செய்துகொண்டிருக்கும்போது அந்த எண்ணம் உதித்தது. பாதி முகத்தில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டார். சகலை தம் சொல்லைத் தலைகீழாகப் படிப்பவர். அப்படியானால் காரைப் புகழ்ந்து பேசினால் போதும், கை கழுவிவிடுவார். புகழ்வதும் பொய்யன்று, சத்தியமான உண்மை. எழுதிய தவற்றைத் திருத்தியதும் ஆகும். கார் சகலைக்குக் கிட்டாமற்போனதும் ஆகும். உண்மையும் பொறாமையும் ஒரே பேருந்தில் ஏறுவது உலகத்தில் எத்தனை முறை நடக்கும்? அவர் மீதிப் பாதி முகத்தை மிகுந்த கவனத்தோடு மழித்தார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு, தேய்த்த சட்டை அணிந்து விற்பனை நிலையத்துக்குப் போனார். சகலையும் கொழுந்தியாளும் கண்ணாடி மேசையின்முன் அமர்ந்திருந்தார்கள். படிவம் விரித்திருந்தது, சகலையின் கையில் பேனா இருந்தது. நான்கடி தள்ளி, வெள்ளை விளக்குகளின்கீழ், அந்தக் கார் நின்றது.

"சகலை, அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்று தொடங்கினார் மாஸ்டர்.

எல்லாவற்றையும் சொன்னார். வளைவில் மூக்கு எப்படித் திரும்பிற்று என்று சொன்னார். கிளட்சின் பிடி உள்ளங்காலில் எப்படிப் பேசிற்று என்று சொன்னார். ஏற்றத்தில் இருபது எண்ணியதைச் சொன்னார். வெளியே பார்த்தால் பள்ளி வண்டி, உள்ளே முழுக்க வேறு உயிர். கொடுத்த விலை அத்தனையும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போட்டிருக்கிறார்கள். இந்த விலைக்கு இதற்குமேல் ஒரு வண்டியை எவராலும் செய்ய முடியாது என்றார். தம் வாழ்நாளில் எதைப் பற்றியும் அவர் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. கணினியில் தட்டிக்கொண்டிருந்த விற்பனைப் பெண்கூடத் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

சகலையின் முகத்தில் நிறம் குறைந்துகொண்டே வந்தது. கொழுந்தியாள் கணவரின் கையைத் தொட்டாள். சகலை பேனாவின் மூடியை எடுத்து மெதுவாக மூடினார்.

"எதுக்கும் யோசிக்கலாங்க" என்றாள் கொழுந்தியாள் தாழ்ந்த குரலில். "அத்தான் இவ்வளவு நல்லதுன்னு சொல்றாரே."

"ஆமா" என்றார் சகலை. பின்பு விற்பனைப் பெண்ணிடம், மன்னிக்கும்படியும் அடுத்தவருக்கே கொடுத்துவிடும்படியும் கேட்டுக்கொண்டார். காரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பொம்மைக் கடையிலிருந்து கையைப் பிடித்து இழுத்துச் செல்லப்படும் குழந்தையின் பார்வை அது. அந்தப் பெண் தொலைபேசியை எடுத்துப் பல் மருத்துவரின் எண்ணைத் தேடத் தொடங்கினாள்.

எண்ணி வந்தது அப்படியே நடந்தது. மாஸ்டர் மகிழ்ச்சிக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. மாறாக, வேறொன்று உறைத்தது. உண்மையான சான்று ஒன்றை அவர் தந்திருந்தார்; அதனைத் தந்தவர் அவர் என்பதற்காகவே அது செல்லாததாயிற்று. புதன்கிழமை பொய் சொல்லி அந்தக் காரைத் தோற்கடித்தார். சனிக்கிழமை உண்மையைச் சொல்லித் தோற்கடித்துவிட்டார். இனி எப்போது எதைப் பற்றி எந்த உண்மையைச் சொன்னாலும் இவர்கள் முன்னால் அதற்கு இதுதான் கதி.

"போனை வை, அம்மா" என்றார் மாஸ்டர்.

மூவரும் அவரைப் பார்த்தார்கள்.

"எனக்குப் பொறாமை, சகலை." மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மாஸ்டர் தொடர்ந்தார். "புதன்கிழமை பொறாமைல பொய் சொன்னேன். இன்னைக்கும் பொறாமைலதான் வந்தேன். நான் புகழ்ந்தா நீங்க விட்டுருவீங்கன்னு தெரிஞ்சுதான் வந்தேன். ஆனா சொன்னது நெஜம். ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்ல."

கொழுந்தியாள் மேசையின்மேல் இருந்த படிவத்தைப் படிக்கத் தொடங்கினாள். தலைகீழாக இருந்த படிவத்தை. விற்பனைப் பெண் தொலைபேசியை ஓசைப்படாமல் வைத்தாள். சகலை சிரிக்கவும் இல்லை, சினக்கவும் இல்லை. மூன்று கடை நடத்துபவரின் கண்ணோடு மாஸ்டரை நிறுத்துப் பார்த்தார்.

"எவ்வளவு பொறாமைண்ணே?"

"என்ன கேள்வி இது?"

"இல்ல, வீடு வாங்கினப்போ இருந்த அளவா? இல்ல மூணாவது கடை திறந்தப்போ இருந்த அளவா?"

மாஸ்டர் யோசித்தார். இவ்வளவு ஆனபின் அளவில் மட்டும் பொய் எதற்கு?

"வீட்டுக்கு ரெண்டு நாள். கடைக்கு ஒரு வாரம். அதெல்லாம் ஆறிப்போச்சு" என்றார். "இது ஆறாது. அந்தக் கிளட்சை உங்க கால் மிதிக்கப் போகுதுன்னு நினைச்சாலே எனக்கு இங்க எரியுது." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

சகலை பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"அப்போ தகும்" என்று சொல்லி, மூன்று இடங்களில் கையெழுத்திட்டார்.

மாஸ்டரின் சொல் அந்தக் குடும்பத்தில் முதன்முறையாக நேராகப் படிக்கப்பட்டது. அதனால் எரிச்சல் இம்மியும் தணியவில்லை என்பதையும் அவர் கவனித்தார். விற்பனைப் பெண் படிவங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் சகலை நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அண்ணே, வாங்கிட்டேன். எனக்குத்தான் கிளட்ச் வராதே. நீங்கதான் மறுபடி சொல்லிக்கொடுக்கணும். எத்தனை கிளாஸ் ஆகும்? உள்ளதைச் சொல்லுங்க."

நாற்பது என்று நாக்கின் நுனியில் வந்து நின்றது. நாற்பது என்றால் சகலை நாற்பதுக்கும் வருவார். அதுவரை அந்தச் சாவி யார் கையில் இருக்கும் என்பதும் மாஸ்டருக்குத் தெரியும். அவர் சகலையின் இடது காலைப் பார்த்தார். காரைப் பார்த்தார். இருபத்திரண்டு ஆண்டு அனுபவத்தில் கூட்டிக் கழித்துப் பார்த்தார்.

"பன்னெண்டு" என்றார்.

"பன்னெண்டே போதுமா?"

"தாராளமாப் போதும்."

சகலையின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தது மாஸ்டருக்குப் பெரும் பாடாக இருந்தது.

"பதினஞ்சுன்னு வச்சுக்குங்க" என்றார் சற்றுப் பொறுத்து. முதல் மூன்று வகுப்புகளில் மாணவர் பக்கத்தில் அமர்ந்து பார்க்க, மாஸ்டரே ஓட்டிக் காட்டுவது தம் பள்ளியின் வழக்கம் என்று விளக்கினார்.

அப்படி ஒரு வழக்கம் அந்தப் பள்ளியில் அதுவரை இருந்ததில்லை.